ஆர்க்டிக் செய்தியை வாசிப்பது எப்படி: வல்லரசுப் போட்டியைப் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

ஆர்க்டிக் பற்றிய செய்தி நம் நாளேடுகளுக்கு எப்போதாவதுதான் வருகிறது. வரும்போது, வடதுருவத்துக்கு ரஷ்யா உரிமை கோருகிறது என்றோ, கிரீன்லாந்தை அமெரிக்கா கேட்கிறது என்றோ, சூயஸ் கால்வாய்க்குச் சீனா மாற்றுப் பாதை கண்டுவிட்டது என்றோ ஏதேனும் ஒரு வார்ப்பில்தான் வருகிறது. இவை பொய்ச் செய்திகள் அல்ல. ஆனால் இவற்றைத் தொடர்ந்து வாசிப்பவர் மனத்தில், வடக்கே உரிமையாளர் இல்லாத பெரும் புதையல் ஒன்று பனிக்கடியில் கிடப்பதாகவும், பனி உருக உருக வல்லரசுகள் அதை அள்ளிக்கொள்ள ஓடுவதாகவும் ஒரு சித்திரம் பதிந்துவிடுகிறது. அந்தச் சித்திரம் தவறானது. ஆர்க்டிக்கின் நிலம், ஏறத்தாழ முழுவதும், யாருக்கு உரியது என்று என்றோ முடிவாகிவிட்டது. கடலின் பெரும்பகுதிக்கும் உரிமை வரையறை உண்டு. உண்மையான போட்டி வேறு இடங்களில் நடக்கிறது: யார் யாருக்கு வழிவிட வேண்டும், பனியை உடைக்கும் கப்பல் யாரிடம் இருக்கிறது, எந்த நீர்மூழ்கியை எந்த நாடு கண்காணிக்கிறது, அங்கே வாழும் மக்களின் சொல்லுக்கு யார் மதிப்பளிக்கிறார்கள் என்பவை அவை. ஒரு செய்தியைக் கையில் எடுத்தால் அதில் எதைத் தேட வேண்டும், எதைக் கண்டு பதற வேண்டியதில்லை என்பதை இங்கே படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் வரைபடத்தை மாற்றுங்கள்

பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆர்க்டிக் அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது. அதில் ஆர்க்டிக் என்பது மேல் விளிம்பில் இழுபட்டு நீளும் ஒரு வெள்ளைப் பட்டை; ரஷ்யாவின் கிழக்கு முனையும் அலாஸ்காவும் உலகின் எதிரெதிர்க் கோடிகளில் கிடக்கின்றன. ஓர் உருண்டையை எடுத்து, வடதுருவம் நேர் மேலே தெரியும்படி பிடித்துப் பாருங்கள். அல்லது துருவத்தை நடுவில் வைத்து வரைந்த வரைபடம் ஒன்றை இணையத்தில் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் ஆர்க்டிக் பெருங்கடல் என்பது நிலங்களால் சூழப்பட்ட ஒரு கடல் என்பதும், பெரிங் நீரிணையில் ரஷ்யாவையும் அமெரிக்காவையும் பிரிப்பது சுமார் 85 கிலோமீட்டர்தான் என்பதும் கண்ணுக்குத் தெரியும். கரையோரத்தில் ஏறத்தாழப் பாதி ரஷ்யாவுடையது என்பதையும் அப்போதே காணலாம். வடக்கில் ரஷ்யா நடந்துகொள்ளும் முறையில் பாதியை இந்தப் புவியியலே விளக்கிவிடும்.

ஆர்க்டிக் வட்டத்துக்குள் நிலமோ கடலோ உள்ள நாடுகள் எட்டு: ரஷ்யா, அமெரிக்கா, கனடா, நார்வே, டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து. டென்மார்க்குக்கு அந்த இடம் கிரீன்லாந்தால் கிடைத்தது. இந்த எட்டில் ஆர்க்டிக் பெருங்கடலுக்கே கரை உள்ளவையாகக் கருதப்படுபவை ரஷ்யா, அமெரிக்கா, கனடா, நார்வே, டென்மார்க் ஆகிய ஐந்துதான். செய்தியில் ஒரு நாட்டின் பெயர் வந்தால் அது ஐந்தில் ஒன்றா, எட்டில் ஒன்றா, வெளியிலிருந்து வருவதா என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகைக்கும் உரிமை வேறு.

‘உரிமை’ என்ற சொல்லைப் பிரித்து வாசியுங்கள்

ஆர்க்டிக் செய்திகளில் மிக அதிகமாகத் தவறாகக் கையாளப்படும் சொல் இதுதான் என்பதால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஒரு நாடு உரிமை கோருகிறது என்று படித்தவுடன், எதன் மீது என்று கேளுங்கள். நிலத்தின் மீதா, கடல் நீரின் மீதா, கடலடித் தரையின் மீதா?

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி, கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்சிக்கடல். அங்கே அந்த நாட்டுக்கு ஏறத்தாழ நிலத்தில் உள்ள அதே அதிகாரம் உண்டு. 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை, தனிப் பொருளாதார மண்டலம். மீனும் எண்ணெயும் எரிவாயுவும் அந்த நாட்டுக்கே, ஆனால் பிற நாட்டுக் கப்பல்கள் அந்த நீரில் போகலாம், வரலாம். அதற்கும் அப்பால், தன் நிலப்பரப்பின் இயற்கையான நீட்சியே கடலடியில் தொடர்கிறது என்று பாறை, படிவு, ஆழம் ஆகியவற்றின் அளவீடுகளால் காட்ட முடிந்தால், அந்தக் கண்டத்திட்டின் தரையிலும் தரைக்கு அடியிலும் உள்ள வளத்துக்கு மட்டும் அந்த நாட்டுக்கு உரிமை கிடைக்கும். மேலே ஓடும் நீர், அதில் நீந்தும் மீன், அதன் மேல் போகும் கப்பல் ஆகியவை எல்லோருக்கும் பொதுவாகவே இருக்கும்.

வடதுருவத்துக்கு உரிமை கோருவதாக வரும் செய்திகள் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. நடைமுறை இப்படி நடக்கிறது: ஒரு நாடு பல ஆண்டுகள் கப்பல்களை அனுப்பிக் கடலடியை அளந்து, 21 வல்லுநர்களைக் கொண்ட கண்டத்திட்டு எல்லைகளுக்கான ஐ.நா. ஆணையத்திடம் ஆவணத்தைச் சமர்ப்பிக்கிறது. ரஷ்யா 2001இல் முதன்முதலாகச் சமர்ப்பித்தது. போதிய தரவு இல்லை என்று ஆணையம் திருப்பிக் கேட்டதால் 2015இல் திருத்தியும் 2021இல் விரிவாக்கியும் கொடுத்தது. கிரீன்லாந்தின் பெயரால் டென்மார்க் 2014இல் சுமார் 8,95,000 சதுர கிலோமீட்டருக்கும், கனடா 2019இல் சுமார் 12 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் ஆவணம் கொடுத்தன. மூன்றும் லோமொனோசோவ் முகடு என்ற கடலடி மலைத்தொடரின் மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. சைபீரியாவின் அருகிலிருந்து கிரீன்லாந்து, கனடா வரை சுமார் 1,800 கிலோமீட்டர் ஓடும் அந்த முகட்டைத் தன் நிலத்தின் நீட்சி என்று மூன்று நாடுகளுமே சொல்கின்றன. 2023 பிப்ரவரியில் ஆணையம் ரஷ்யாவின் ஆவணத்தின் மீது தன் பரிந்துரைகளை வழங்கியது. அத்துடன் முகடு ரஷ்யாவுக்குப் போய்விட்டது என்று எழுதினால் அது பிழை. ஆணையம் பாறைகளைப் பற்றிய அறிவியல் முடிவை மட்டுமே சொல்லும். இரு நாடுகளுக்கு இடையே எல்லை எங்கே ஓடுகிறது என்று தீர்ப்பளிக்க அதற்கு அதிகாரம் இல்லை. அதை அந்நாடுகள்தான் பேசி முடிக்க வேண்டும்.

அப்படிப் பேசி முடித்ததும் உண்டு. பேரண்ட்ஸ் கடலில் சுமார் 1,75,000 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பற்றி நாற்பது ஆண்டுகள் நீடித்த தகராறை நார்வேயும் ரஷ்யாவும் 2010இல் முர்மான்ஸ்க் நகரில் ஒப்பந்தம் செய்து தீர்த்துக்கொண்டன. ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லாத ஹான்ஸ் தீவைக் கனடாவும் டென்மார்க்கும் 2022இல் நடுவே கோடு போட்டுப் பகிர்ந்துகொண்டன. இத்தகைய செய்திகளுக்கு நாளேடுகளில் ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை. மாறாக, 2007 ஆகஸ்டில் அர்த்தூர் சிலிங்காரோவ் தலைமையிலான ரஷ்யக் குழு துருவத்தில் 4,200 மீட்டருக்கும் கீழே இறங்கி டைட்டானியத்தாலான கொடியை நட்டதுதான் இன்றும் எல்லாக் கட்டுரைகளுக்கும் படமாக வருகிறது. அந்தக் கொடிக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. மறு ஆண்டே, 2008 மே மாதம், ரஷ்யா உட்பட ஐந்து கரையோர நாடுகளும் கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில் கூடி, தங்கள் கோரல்களைக் கடல் சட்டத்தின்படியே தீர்த்துக்கொள்வதாக அறிவித்தன.

இங்கே அமெரிக்காவின் நிலையைத் தனியே கவனியுங்கள். கடல் சட்ட உடன்படிக்கையை அது இன்றுவரை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆனாலும் 2023 டிசம்பரில், தன் கரைகளைச் சுற்றி மொத்தம் ஏறத்தாழ பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் நீட்டித்த கண்டத்திட்டுக்குத் தானே எல்லை அறிவித்தது. அதில் பாதிக்கு மேல் ஆர்க்டிக்கில் உள்ளது. விதிகளை மதிக்கும்படி பிறரைக் கேட்கும் நாடு அந்த விதிப்புத்தகத்தில் கையெழுத்திடாமல் இருப்பது, ரஷ்யாவும் சீனாவும் சுட்டிக்காட்ட வசதியான முரண்பாடாகவே இருந்துவருகிறது.

எல்லாக் கரையோர நாடுகளின் 200 மைல் கோடுகளையும் வரைந்துவிட்டால், நடுவே பொதுக்கடலாக எஞ்சுவது சுமார் 28 லட்சம் சதுர கிலோமீட்டர். அங்கேயும் வேட்டை தொடங்கிவிடவில்லை. ரஷ்யா, அமெரிக்கா, சீனா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் உள்ளிட்ட பத்துத் தரப்புகள் 2018இல் கையெழுத்திட்டு 2021 முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் ஒன்று, அந்தப் பரப்பில் வணிக மீன்பிடியை 16 ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்திருக்கிறது. மீன்வளம் அழிந்த பிறகு தடை போடுவதே உலக வழக்கம். மீன்பிடி தொடங்கும் முன்பே தடை போட்டது இங்கேதான். ஆர்க்டிக் பற்றி எழுதுபவர்கள் இதை மறந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பாதை யாருடையது என்று கேளுங்கள்

கப்பல் பாதை பற்றிய செய்தி வந்தால், இரண்டு பாதைகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முதல் வேலை. ரஷ்யக் கரையை ஒட்டி, காரா கடலின் வாயிலிலிருந்து பெரிங் நீரிணை வரை சுமார் 5,600 கிலோமீட்டர் ஓடுவது வடக்குக் கடல் வழி. கனடாவின் தீவுக்கூட்டங்களின் ஊடே போவது வடமேற்குப் பாதை. இரண்டிலும் சட்டத் தகராறு ஒரே மாதிரியானது. அதில் அமெரிக்கா இரு பக்கமும் எதிர்த்தரப்பாக நிற்கிறது. தன் தீவுகளுக்கு இடைப்பட்ட நீர் தன் உள்நாட்டு நீர் என்று கனடா சொல்கிறது. அது எல்லா நாட்டுக் கப்பல்களும் கடந்துபோகும் உரிமையுள்ள பன்னாட்டு நீரிணை என்று அமெரிக்கா சொல்கிறது. இரண்டும் நேட்டோ கூட்டாளிகள் என்பதால், 1988இல், அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல்கள் கனடாவின் ஒப்புதலோடு போகும், ஆனால் அதனால் எவருடைய சட்ட நிலைப்பாடும் மாறாது என்று ஓர் உடன்பாடு செய்து பிரச்சினையை ஓரமாக வைத்தன.

ரஷ்யாவோடு அப்படி முடியவில்லை. 1967இல் எடிஸ்டோ, ஈஸ்ட்விண்ட் என்ற இரு அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல்கள் வில்கிட்ஸ்கி நீரிணையைக் கடக்க முயன்றபோது சோவியத் அரசு மறுத்தது, கப்பல்கள் திரும்பின. இன்றும் வடக்குக் கடல் வழியில் நுழையும் கப்பல் முன்கூட்டியே ரஷ்யாவிடம் அனுமதி பெற வேண்டும். இதற்கு ரஷ்யா காட்டும் ஆதாரங்களில் ஒன்று கடல் சட்ட உடன்படிக்கையின் 234ஆம் பிரிவு: ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிக் கிடக்கும் கடலில், மாசைத் தடுப்பதற்காகக் கரையோர நாடு தனி விதிகளை இயற்றலாம் என்கிறது அது. அந்தப் பிரிவு உருவாகக் காரணமான நாடு கனடாதான். அப்படியானால், பனி ஆண்டின் பெரும்பகுதி இல்லாமல் போகும் நாளில் இந்த அதிகாரம் என்ன ஆகும்? வரும் ஆண்டுகளில் இந்தக் கேள்விதான் பெரிதாக எழும் என்று நினைக்கிறேன். பாதை பற்றிய செய்தி எதைப் படித்தாலும், அனுமதி, வழிகாட்டிக் கட்டணம், உள்நாட்டு நீர் ஆகிய சொற்கள் வருகின்றனவா என்று பாருங்கள். போட்டியின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

எண்ணைக் கண்டால் அது எதன் எண் என்று கேளுங்கள்

வடக்குக் கடல் வழியில் 2014இல் ஏற்றிச் செல்லப்பட்ட சரக்கு ஏறத்தாழ 40 லட்சம் டன். 2024இல் அது 3 கோடியே 79 லட்சம் டன். பத்தாண்டில் ஒன்பது மடங்குக்கும் மேல். இந்த எண்ணை மட்டும் போட்டு, உலக வணிகம் வடக்கே நகர்கிறது என்று எழுதும் கட்டுரைகள் நிறைய. அதே எண்ணை வேறு இரண்டு எண்களோடு சேர்த்து வையுங்கள். 2024க்குள் 8 கோடி டன்னை எட்ட வேண்டும் என்று 2018இல் புதின் ஆணையிட்டிருந்தார். எட்டியது அதில் பாதிக்கும் குறைவு. சூயஸ் கால்வாயில் இயல்பான ஓர் ஆண்டில் போகும் சரக்கு நூறு கோடி டன்னுக்கும் மேல்.

இன்னும் முக்கியமாக, அந்த 3.79 கோடி டன் எங்கிருந்து எங்கே போனது என்று கேளுங்கள். அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுப் பாதையையும் கடந்து சென்ற சரக்கு சுமார் 30 லட்சம் டன்தான். மற்றவை பெரும்பாலும் ரஷ்ய ஆர்க்டிக்கிலேயே தோண்டியெடுத்த எரிவாயு, எண்ணெய், உலோகம், அவற்றுக்கான கட்டுமானப் பொருள்கள் ஆகியவை. யமால் தீபகற்பத்தின் சபெட்டா துறைமுகத்திலிருந்து 2017 டிசம்பரில் புறப்படத் தொடங்கிய திரவ இயற்கை எரிவாயுதான் இந்த வளர்ச்சியின் பெரும்பங்கு. ஆகவே இன்றைய வடக்குக் கடல் வழியை, ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் நெடுஞ்சாலை என்பதைவிட, ரஷ்யச் சுரங்கங்களும் எரிவாயு வயல்களும் தங்கள் சரக்கை வெளியே அனுப்பும் வாசல் என்று கருதி வாசித்தால் செய்திகள் நன்றாகப் பொருந்தும். 2023 நவம்பரில் ‘ஆர்க்டிக் எல்.என்.ஜி. 2’ என்ற ரஷ்யாவின் திரவ எரிவாயுத் திட்டத்தின் மீது அமெரிக்கா தடை விதித்தபோது குறிவைத்தது இந்த வாசலைத்தான். பனியைத் தாங்கும் எரிவாயுக் கப்பல்கள் போதிய எண்ணிக்கையில் கிடைக்காமல் அந்தத் திட்டம் திணறியது. 2025 ஆகஸ்டில் அதன் முதல் சரக்கு சீனத் துறைமுகம் ஒன்றில் இறங்கியது.

தூரம் குறைவு என்பது உண்மை. யோகோஹாமாவிலிருந்து ராட்டர்டாம் போக, சூயஸ் வழியைவிட வடக்கு வழியில் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். ஆனால் கொள்கலன் வணிகம் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. குறித்த நாளில் வந்து சேர வேண்டும். வழியில் பல துறைமுகங்களில் ஏற்றி இறக்க வேண்டும். ஒரே பயணத்தில் இருபதாயிரம் பெட்டிகளைக் கொண்டுபோக வேண்டும். வடக்கு வழியில் பனி எந்த வாரம் எங்கே நகரும் என்று உறுதி சொல்ல முடியாது. நடுவே பெரிய சந்தைகள் இல்லை. சில நீரிணைகளின் ஆழம் 13 மீட்டர்தான். 2018இல் வெண்டா மெர்ஸ்க் என்ற கொள்கலன் கப்பலைச் சோதனைக்காக அனுப்பிய மெர்ஸ்க் நிறுவனமே, வழக்கமான பாதைக்கு இதைத் தற்போது மாற்றாகக் கருதவில்லை என்று சொன்னது.

பனியுடைப்புக் கப்பல்களின் எண்ணிக்கையையும் இதே கண்ணோடு வாசியுங்கள். அணுசக்தியால் இயங்கும் பனியுடைப்புக் கப்பல்களைக் கடலில் ஓட்டும் ஒரே நாடு ரஷ்யா. 2020 முதல் மட்டும் ஆர்க்டிகா, சிபிர், உரால், யாகுதியா என்று புதியவை வந்திருக்கின்றன. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கனரகக் கப்பலான போலார் ஸ்டார் 1976இல் பணியில் சேர்ந்தது; இன்றும் அதையே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பனியுடைப்புக் கப்பல்களில் அமெரிக்கா பின்தங்கிவிட்டது என்ற தலைப்பு இதிலிருந்து வருகிறது. அது சரிதான். ஆனால் ரஷ்யாவுக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் கரையும், குளிர்காலத்திலும் எரிவாயுவை வெளியே கொண்டுவர வேண்டிய கட்டாயமும் இருக்கின்றன. அமெரிக்காவின் தேவை அந்த அளவுக்கு இல்லை. 2024 ஜூலையில் அமெரிக்காவும் கனடாவும் இத்தகைய கப்பல்களைக் கட்டுவதில் பெயர்பெற்ற பின்லாந்தைச் சேர்த்துக்கொண்டு கூட்டு ஏற்பாடு செய்ததில்தான், எண்ணிக்கை ஒப்பீட்டைவிட அதிகமான செய்தி இருக்கிறது.

எண்ணெயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்க்டிக்கில் 9,000 கோடி பீப்பாய் எண்ணெயும், உலகின் கண்டறியப்படாத இயற்கை எரிவாயுவில் 30 விழுக்காடும் இருப்பதாக வரும் கணக்கு, அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2008இல் வெளியிட்ட மதிப்பீடு. எடுக்க எவ்வளவு செலவாகும் என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை. இருக்கக்கூடும் என்ற நிகழ்தகவைத்தான் சொன்னது. அலாஸ்காவுக்கு வடமேற்கே சுக்சி கடலில் சுமார் 700 கோடி டாலர் செலவிட்ட ஷெல் நிறுவனம் 2015இல் கிணற்றை மூடிவிட்டு வெளியேறியது. கனிமங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஸ்வீடனின் கிருனா அருகே பத்து லட்சம் டன் அருமண் (rare earth) ஆக்சைடுகள் இருப்பதாக 2023 ஜனவரியில் அந்நாட்டு அரசின் சுரங்க நிறுவனமான எல்.கே.ஏ.பி. அறிவித்தபோது, உண்மையில் தோண்டிச் சந்தைக்குக் கொண்டுவரப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகலாம் என்றும் சேர்த்தே சொன்னது. அந்த இரண்டாம் வரியைத் தேடிப் படியுங்கள். அந்த நிலத்தில் கலைமான் மேய்க்கும் ‘சாமி’ என்ற பழங்குடி மக்கள் அதே நாள்களில் என்ன சொன்னார்கள் என்பதையும் தேடுங்கள்.

கிரீன்லாந்துச் செய்தியில் கிரீன்லாந்து மக்களைத் தேடுங்கள்

கிரீன்லாந்து பற்றிய கட்டுரை ஒன்றில் வாஷிங்டன், கோபன்ஹேகன், பெய்ஜிங் ஆகிய மூன்று தலைநகரங்களின் பெயர்கள் வந்து நூக் என்ற பெயர் வரவில்லையென்றால், அதைப் பாதிக் கட்டுரை என்று எண்ணுங்கள். சுமார் 57,000 பேர், பெரும்பாலும் இனுயிட் மக்கள், வாழும் நாடு அது. நூக் அதன் தலைநகரம். 2009ஆம் ஆண்டின் தன்னாட்சிச் சட்டம் அவர்களைத் தன்னுரிமை கொண்ட ஒரு மக்களினமாக ஏற்கிறது. விரும்பினால் சுதந்திரம் பெறும் வழியையும் வகுத்திருக்கிறது. நிலத்தடி வளத்தின் மீதான அதிகாரம் நூக்கில் உள்ள அரசிடம் இருக்கிறது. வெளியுறவும் பாதுகாப்பும் டென்மார்க்கிடம் இருக்கின்றன.

அந்த அதிகாரத்தை அவர்கள் பயன்படுத்தியும் காட்டியிருக்கிறார்கள். தெற்கே குவானெர்சுயிட் மலையில் அருமண் தனிமங்களோடு யுரேனியமும் கலந்து கிடக்கிறது; ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று, சீனப் பங்குதாரரோடு சேர்ந்து, அங்கே சுரங்கம் திறக்க முனைந்தது. 2021 தேர்தலில் அந்தச் சுரங்கமே பெரிய பேச்சாக இருந்தது; அதை எதிர்த்த இனுயிட் அதகாதிகிட் கட்சி வென்றது; அந்த ஆண்டு இறுதிக்குள் யுரேனியம் தோண்டுவதற்குத் தடைச்சட்டம் வந்தது. வல்லரசுகளின் கணக்கை ஓர் ஊர்த்தேர்தல் போன்ற சிறு தேர்தல் மாற்றியது என்பது, இந்தத் துறையில் நான் அறிந்த மிக முக்கியமான நிகழ்வுகளில் ஒன்று.

அமெரிக்காவின் ஆசை புதியதன்று. 1946இலேயே ட்ரூமன் அரசு பத்துக் கோடி டாலர் மதிப்புள்ள தங்கத்துக்கு இந்தத் தீவைக் கேட்டது, டென்மார்க் மறுத்தது. 2019இல் டிரம்ப் வாங்கும் எண்ணத்தைச் சொன்னார். 2025 ஜனவரியில், படைபலத்தையோ பொருளாதார நெருக்கடியையோ பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி கூற மறுத்தார். இதை வாசிக்கும்போது 1951ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒப்பந்தத்தை நினைவில் வையுங்கள். அதன்படி அமெரிக்காவுக்கு அங்கே ஏற்கனவே விரிவான படைத்துறை வசதிகள் உண்டு; ஏவுகணை எச்சரிக்கை ரேடார் இருக்கும் பிட்டுஃபிக் தளம் அப்படி இயங்குவதுதான். ஆகவே, பாதுகாப்புக்காகத் தீவே வேண்டும் என்ற வாதம் வரும்போது, இந்த ஒப்பந்தத்தால் செய்ய முடியாத எதைச் செய்ய விரும்புகிறார்கள் என்று கேட்பது வாசகரின் உரிமை.

படைத்துறைச் செய்திகளில் இடத்தைப் பாருங்கள்

ஆர்க்டிக்கின் படைத்துறை முக்கியத்துவம் எண்ணெயால் வந்ததன்று. ரஷ்யாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் இடையே ஏவுகணை பறக்கும் மிகக் குறுகிய வழி துருவத்தின் மேலாகப் போகிறது. ரஷ்யாவின் வடக்குக் கடற்படை, அந்நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ள கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிகளில் பெரும்பங்கு அங்கே நிற்கிறது. அவற்றைக் காப்பதற்காகவே பேரண்ட்ஸ் கடலை அரண்போல் வைத்திருக்க ரஷ்யா முயல்கிறது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, பிரிட்டன் ஆகியவற்றுக்கு இடைப்பட்ட கடல்வழியில் அவற்றைக் கண்காணிக்க நேட்டோ முயல்கிறது. எனவே பயிற்சி, ரேடார், விமானத்தளம் பற்றிய செய்தி எதுவானாலும் அது கோலாவிலிருந்து எவ்வளவு தொலைவில் நடக்கிறது என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். 2023 ஏப்ரலில் பின்லாந்தும் 2024 மார்ச்சில் ஸ்வீடனும் நேட்டோவில் சேர்ந்தபின், எட்டில் ஏழு நாடுகள் ஒரே அணியில் நிற்கின்றன; ரஷ்யாவோடு பின்லாந்துக்கு இருக்கும் எல்லை மட்டும் 1,300 கிலோமீட்டருக்கும் மேல்.

சில சொற்கள் பதற்றத்தை மிகைப்படுத்தும். 2024 ஜூலையில் சீன, ரஷ்யக் குண்டுவீச்சு விமானங்கள் சேர்ந்து அலாஸ்கா அருகே பறந்தபோது, அவை நுழைந்தது அமெரிக்காவின் வான் பாதுகாப்பு அடையாள மண்டலத்தில். அது பன்னாட்டு வான்வெளிக்கு மேல் ஒரு நாடு தானே வரைந்துகொள்ளும் கண்காணிப்புக் கோடு; இறையாண்மை வான்வெளி அதற்கு உள்ளே வெகு தொலைவில் தொடங்குகிறது. எல்லை மீறல் என்று அதை எழுதுவது தவறு. இரு நாட்டு விமானங்களும் அங்கே முதன்முறையாகச் சேர்ந்து பறந்தன என்பதே செய்தி. அது போதுமான அளவுக்குக் கவலை தருவதுதான்.

உண்மையில் நான் அதிகம் கவலைப்படுவது ஒத்துழைப்பு அறுந்ததைப் பற்றி. 1996இல் தொடங்கிய ஆர்க்டிக் மன்றம், படைத்துறை விவகாரங்களைத் தன் பேச்சிலிருந்து விலக்கியே வைத்திருந்தது. அதனால்தான் ஆறு பழங்குடி அமைப்புகளும் எட்டு அரசுகளும் ஒரே மேசையில் அமர்ந்து, மீட்புப் பணிக்கும் எண்ணெய்க் கசிவுக்கும் அறிவியல் ஒத்துழைப்புக்கும் ஒப்பந்தங்கள் செய்ய முடிந்தது. 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபின் மற்ற ஏழு நாடுகளும் கூட்டங்களை நிறுத்திவைத்தன. பணிகள் பின்னர் ஓரளவு தொடர்ந்தாலும், ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் உலகின் உறைமண்ணில் பெரும்பங்கைக் கொண்ட ரஷ்யாவிலிருந்து தரவு வருவது பெரிதும் குறைந்துவிட்டது. எந்த நாடும் வெல்லாத, எல்லா நாடும் தோற்கும் போட்டி இது.

வெளியிலிருந்து வரும் நாடுகளை வாசிக்கும் முறை

2018 ஜனவரியில் சீனா வெளியிட்ட வெள்ளை அறிக்கை தன்னை ‘ஆர்க்டிக்குக்கு அருகிலுள்ள நாடு’ என்று சொல்லிக்கொண்டது; துருவப் பட்டுப்பாதை என்ற பெயரும் அதில் இருந்தது. சீனாவின் வடகோடி ஆர்க்டிக் வட்டத்துக்குத் தெற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் இருக்கிறது என்பதால் அந்தப் பட்டத்தைப் பலர் மறுத்தார்கள். பட்டத்தை விட்டுவிட்டுப் பணத்தைப் பின்தொடருங்கள். யமால் எரிவாயுத் திட்டத்தில் சீன நிறுவனங்களின் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காடு. மறுபுறம், கனடாவின் வடக்கே தங்கச் சுரங்கம் ஒன்றைச் சீன நிறுவனம் வாங்க முயன்றதைக் கனடா 2020இல் தடுத்தது. கிரீன்லாந்து விமானநிலையங்களைக் கட்டச் சீன நிறுவனம் முன்வந்தபோது, டென்மார்க் தானே பணம் போட்டு அதைத் தவிர்த்தது. சேர்த்துப் பார்த்தால், சீனாவுக்கு அகலத் திறந்திருக்கும் கதவு ரஷ்யா ஒன்றுதான் என்பது விளங்கும். தடைகளுக்குப் பின் ரஷ்யாவுக்கும் வேறு வாடிக்கையாளர் குறைவு.

இந்தியாவும் வெளியிலிருந்து வரும் இந்த நாடுகளின் வரிசையில்தான் நிற்கிறது. சீனாவோடு ஒரே கூட்டத்தில், 2013இல் கிருனாவில், ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளர் தகுதி பெற்றது. 2008 முதல் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள நீ ஓலசுண்டில் ஹிமாத்ரி ஆய்வுநிலையத்தை நடத்துகிறது. 2022 மார்ச்சில் தன் ஆர்க்டிக் கொள்கையை வெளியிட்டது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள ரஷ்யாவின் வான்கோர் எண்ணெய் வயலில் இந்தியப் பொதுத்துறை நிறுவனங்களின் பங்குகளைக் கூட்டினால் ஏறத்தாழப் பாதி வரும். 2019இல் பேசி முடித்த சென்னை-விளாதிவோஸ்டாக் கடல்வழி, வடக்குக் கடல் வழியின் கிழக்கு வாயிலுக்குத் தெற்கே முடிகிறது. அதை வடக்கே நீட்டிப் பேசுவதில் ரஷ்யாவுக்கு ஆர்வம் உண்டு. இவற்றைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, கையெழுத்தான ஒப்பந்தம், புரிந்துணர்வுக் குறிப்பு, விருப்ப அறிவிப்பு ஆகியவற்றில் எது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தியை எடுத்துச் செய்து பார்ப்போம்

2025 அக்டோபரில் ஒரு செய்தி வந்தது: ‘இஸ்தான்புல் பிரிட்ஜ்’ என்ற கொள்கலன் கப்பல் சீனாவின் நிங்போவிலிருந்து வடக்குக் கடல் வழியாகச் சுமார் இருபது நாளில் பிரிட்டனின் பெலிக்ஸ்டோவை அடைந்தது. சூயஸ் வழியில் நாற்பது நாள் ஆகும் பயணம் பாதியாகக் குறைந்தது என்று பல இடங்களில் எழுதினார்கள்.

வரைபடத்தை எடுங்கள், கப்பல் முழுப் பாதையையும் கடந்திருக்கிறது, ஆகவே இது அந்தச் சிறு பங்கான கடப்புச் சரக்கைச் சேர்ந்தது. கப்பலின் அளவைப் பாருங்கள்; ஐயாயிரத்துக்கும் குறைவான பெட்டிகளை ஏற்றும் கப்பல், சூயஸில் போகும் பெரியவற்றில் கால் பங்கு. மாதத்தைப் பாருங்கள், செப்டம்பர் இறுதியில் புறப்பட்டது, ஆண்டில் பனி மிகக் குறைவாக இருக்கும் நேரம் அதுதான். எதனோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். செங்கடலில் யேமனின் ஹூதி படையினர் நடத்திய தாக்குதல்களுக்குப் பின் பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன, அதனால் வழக்கமான பயணநேரமே நீண்டிருந்தது. அனுமதி கொடுத்தது யார் என்று பாருங்கள், ரஷ்யா. இறுதியாகச் சரக்கு சேர்ந்தது எங்கே என்று பாருங்கள். ரஷ்யாவின் மீது தடை விதித்திருக்கும் ஒரு நாட்டின் துறைமுகத்தில். இந்தக் கடைசி விடையில்தான் எனக்கு உண்மையான செய்தி தெரிகிறது: ரஷ்யாவின் கட்டுப்பாட்டில் உள்ள பாதையைச் சீனா பயன்படுத்தி, ஐரோப்பிய வாடிக்கையாளரை அதற்குப் பழக்கப்படுத்தத் தொடங்கியிருக்கிறது. அடுத்த கோடையில் எத்தனை பயணங்கள், எந்த மாதங்களில், எந்த நிறுவனங்களின் பெயரில் என்று எண்ணினால் அது வேரூன்றுகிறதா என்பது தெரிந்துவிடும்.

நாட்காட்டியில் இரண்டு மாதங்களைக் குறித்துவைத்துக்கொள்வது உதவும். மார்ச்சில் கடற்பனி ஆண்டின் உச்சப் பரப்பை எட்டும். 2025 மார்ச்சின் உச்சம், 1979இல் தொடங்கிய செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவரை இருந்தவற்றில் மிகக் குறைவானதாக இருந்தது. செப்டம்பரில் பனி மிகக் கீழே இறங்கும். 2012 செப்டம்பரின் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர் என்ற தாழ்வு 2025 வரை முறியடிக்கப்படவில்லை, ஆனால் 2007க்குப் பிந்தைய எல்லா ஆண்டுகளும் அதற்கு முந்தைய எல்லா ஆண்டுகளையும்விடக் கீழேயே இருக்கின்றன. அந்த இரண்டு மாதங்களிலும் பனி பற்றிய அறிவிப்பும் பாதை பற்றிய அறிவிப்பும் சேர்ந்தே வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உருண்டையையும் கையில் எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.